வாடகை வீட்டுக்கும் ஒரு சங்கம்

லண்டன்
15.02.2026

அன்புள்ள பெரியக்காவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். அம்மாவின் முழங்காலுக்கு அனுப்பிய பூச்சு மருந்து வந்து சேர்ந்ததா?

போன கிழமை போனில் கதைத்துக்கொண்டு இருக்கும்போது, "கூட்டத்துக்குப் போக வேணும், பிறகு எடுக்கிறேன்" என்று வைத்துவிட்டேன். "வாடகை வீட்டில் இருக்கிற உனக்கு என்ன கூட்டம்? வீட்டுக்காரன் சொல்லுறதைக் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டியதுதானே" என்று சிரித்தீர்கள். இது போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. இன்றைக்கு எனக்கு லீவு, ஆறுதலாக எழுதுகிறேன்.

எங்களுக்கு வீட்டுக்காரன் என்று ஒரு ஆள் இல்லை. கவுன்சில்தான் வீட்டுக்காரன். ஊரில் பிரதேச சபை ரோட்டையும் சந்தையையும் பார்ப்பதுபோல இங்கே கவுன்சிலும் பார்க்கிறது. அதோடு ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டி வாடகைக்கும் விட்டிருக்கிறது. இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. கிழக்கு லண்டனில் ஓல்ட் நிக்கல் என்ற சேரியை இடித்துக் கட்டிய பவுண்டரி எஸ்டேட்டை 1900 இல் திறந்தார்கள். இடித்த கல்லையும் மண்ணையும் நடுவில் மேடாகக் குவித்து, அதன்மேல் வாத்தியக்காரர் நின்று வாசிக்க ஒரு சின்ன மண்டபம் கட்டியிருக்கிறார்கள். இப்போதும் போய்ப் பார்க்கலாம். முதலாம் உலகப் போர் முடிந்து 1919 இல் ஒரு சட்டம் வந்த பிறகு, அரசாங்க உதவியோடு நாடு முழுக்கக் கவுன்சில் வீடுகள் எழும்பின.

அப்புறம் 1980 இல் பிரதமர் தட்சர் அம்மையாரின் அரசாங்கம், குடியிருக்கிறவர்களே அந்த வீட்டைக் கழிவு விலைக்கு வாங்கலாம் என்று சட்டம் போட்டது. இங்கிலாந்தில் ஏறத்தாழ 20 லட்சம் வீடுகள் அப்படிக் கைமாறிவிட்டன. விற்ற அளவுக்குத் திருப்பிக் கட்டவில்லை. இப்போது 13 லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் காத்திருப்புப் பட்டியலில் நிற்கின்றன. எங்களுக்கு இந்த வீடு கிடைக்க எவ்வளவு காலம் பிடித்தது என்று உங்களுக்குத் தெரியும்தானே. அதைத் திரும்ப எழுதினால் கை வலிக்கும்.

ஆகவே எங்கள் தொடர்மாடியில் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. பாதிப் பேர் எங்களைப் போலக் கவுன்சிலுக்கு வாடகை கட்டுகிறவர்கள். மற்றவர்கள் வாங்கினவர்கள், அல்லது வாங்கினவரிடம் வாங்கினவர்கள். வாங்கினாலும் சுவரும் கூரையும் லிஃப்டும் கவுன்சிலுடையதுதான். அவற்றைத் திருத்தினால் செலவில் பங்கு கட்ட வேண்டும். எங்கள் மாடியில் இருக்கிற துருக்கிக்காரர் ஒருவர் கூரை வேலைக்கு வந்த பில்லைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தார். லிஃப்டில் யாரைக் கண்டாலும் எடுத்துக் காட்டுவார்.

நாங்கள் வாடகையோடு சேர்த்து சேர்விஸ் சார்ஜும் கட்டுகிறோம். படிக்கட்டுக் கழுவுவது, பொது லைட், புல் வெட்டுவது எல்லாம் அதற்குள் அடக்கம். கழுவுகிற மனிதர் கானாக்காரர். காலை ஏழு மணிக்கே வாளியும் தும்புத்தடியுமாக வந்துவிடுவார். குப்பை அறைக்கு முன்னால் யாரோ இரவில் போட்டுவிட்டுப் போன மெத்தையைப் பார்த்து அவர் திட்டுகிற திட்டு அவருடைய மொழி தெரியாத எனக்கே விளங்கும். முன்பு அவருக்கு எங்கள் கட்டடத் தொகுதி ஒன்றுதான் பொறுப்பு. இப்போது பல தொகுதிகளைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். மனிதர் அதே வேகத்தில்தான் கூட்டுகிறார், கூட்ட வேண்டிய படிகள்தான் கூடிவிட்டன. நாங்கள் கட்டுகிற காசு மட்டும் குறையவில்லை.

சரி, கூட்டத்துக்கு வருகிறேன். குடியிருப்பாளர் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. தலைவி, செயலாளர், பொருளாளர், ஆண்டுக்கூட்டம், சென்ற கூட்ட அறிக்கையை வாசித்து முன்மொழிந்து வழிமொழிவது எல்லாம் நம்முடைய சனசமூக நிலையத்தில் நடக்கிற மாதிரியேதான். தலைவி ஐரிஷ் அம்மா, எண்பதை நெருங்குகிற வயது. கவுன்சிலர் பத்து நிமிஷம் பிந்தி வந்தால் "பிந்தி வந்தவர்" என்று அறிக்கையில் எழுத வைப்பார்.

சில மாதங்களுக்கு ஒருமுறை ஹவுசிங் ஒபிசர் வந்து எங்களோடு தொகுதியைச் சுற்றி நடப்பார். எரியாத லைட், உடைந்த கதவு, புறா எச்சம் என்று கண்டதைக் குறிப்பார். சின்ன விஷயங்கள் இதில் நடக்கும். பூப்பாத்தி கேட்டால் உடனே தருவார்கள், பூவின் நிறத்தைக்கூட எங்களிடம் கேட்பார்கள். பெரிய விஷயம் என்றால் முகம் மாறும். 1985 ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தின் 105 ஆம் பிரிவின்படி, நிர்வாகத்தில் முக்கிய மாற்றம் செய்யுமுன் வாடகைக்காரரின் கருத்தைக் கேட்க வேண்டும். ஆனால் வாடகையும் சேர்விஸ் சார்ஜும் அந்தப் பிரிவுக்குள் வராது. கெட்டிக்காரத்தனத்தைப் பாருங்கள்!

கூட்டத்தால் என்ன பலன் என்பதற்கு எங்கள் பின் அறைக் கதையே போதும். சின்னவன் படுக்கிற அறையின் மூலையில் ஈரலிப்பு. கரும்பூஞ்சணம் கூரையிலிருந்து அலுமாரிக்குப் பின்னால் வரை இறங்கிவிட்டது. பிள்ளைக்கு இரவிரவாக இருமல். கவுன்சிலுக்குப் போன் பண்ணினால் ஒரு முறைப்பாட்டு இலக்கம் தருவார்கள். பிறகு ஒருவர் வந்து மருந்து அடித்து, மேலே வெள்ளை பூசிவிட்டுப் போவார். அதோடு அந்த இலக்கத்தின் கணக்கு முடிந்தது. மழைக்காலம் வந்ததும் பூஞ்சணமும் வந்துவிடும். பரிசோதிக்க வந்த ஒருவர் குசினியில் புட்டுப் பானையைக் கண்டுவிட்டு, "ஆவிதான் காரணம், யன்னலைத் திறந்து வையுங்கள், உள்ளே உடுப்புக் காயவிடாதீர்கள்" என்று புத்தி சொன்னார். தை மாதக் குளிரில் யன்னலைத் திறந்து வைக்கச் சொல்கிற மனிதருக்கு என்ன பதில் சொல்ல? புட்டு குசினியில் அவிகிறது, பூஞ்சணம் பின் அறையில் பிடிக்கிறது என்றேன். அதையும் எழுதிக்கொண்டு போனார்.

இதைக் கூட்டத்தில் சொன்னேன். உடனே கீழ்வீட்டுச் சோமாலியப் பெண், "எனக்கும் அதே மூலைதான்" என்றாள். அதற்கும் கீழே இருக்கிற வயதானவரும் கை உயர்த்தினார். தலைவி நிகழ்ச்சி நிரல் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எங்கள் தொகுதியைக் கட்டம் கட்டமாகக் கீறினார். ஈரலிப்பு உள்ள வீட்டுக்கெல்லாம் ஒரு புள்ளடி. போட்டு முடித்துப் பார்த்தால் எல்லாப் புள்ளடியும் மேலிருந்து கீழாக ஒரே வரிசை. அந்தச் சுவருக்கு வெளியேதான் கூரைத் தண்ணீர் இறங்குகிற குழாய் போகிறது. கவுன்சிலின் கணினியில் நாங்கள் ஒவ்வொருவரும் தனித்தனி இலக்கம், தனித்தனி வெள்ளைப்பூச்சு. அந்தத் தாளில்தான் முதல்முறையாக எல்லாம் சேர்ந்து ஒரு குழாயாகத் தெரிந்தது.

அந்தத் தாளைப் படம் எடுத்து, எல்லா இலக்கங்களையும் எழுதி ஒரே முறைப்பாடாக அனுப்பினோம். இப்போது எங்கள் பக்கம் சட்டமும் இருக்கிறது. ரொச்டேல் என்ற ஊரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுப் பிள்ளை, வீட்டுப் பூஞ்சணத்தால் மூச்சு நோய் வந்து 2020 டிசம்பரில் இறந்துபோனது. பெற்றோர் சூடானிலிருந்து வந்தவர்கள். எத்தனையோ முறை முறையிட்டும், வீட்டை வாடகைக்கு விட்ட அமைப்பு அவர்கள் வாழ்கிற முறைதான் காரணம் என்று எண்ணி இருந்துவிட்டது. அந்தப் பிள்ளையின் பெயரிலேயே 'அவாப் சட்டம்' வந்து, 2025 ஒக்டோபர் 27 முதல் நடைமுறையில் இருக்கிறது. உயிராபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் வர வேண்டும். கடுமையான ஈரலிப்பு, பூஞ்சணம் என்றால் 10 வேலை நாளுக்குள் பரிசோதிக்க வேண்டும். ஆபத்து இருக்கிறது என்று கண்டால் அடுத்த 5 வேலை நாளுக்குள் அதை நீக்க வேண்டும், முடியாவிட்டால் தங்க வேறு இடம் தர வேண்டும். புட்டுப் பானையைப் பற்றி இந்த முறை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

குழாய் வெடித்துத்தான் இருந்தது. தற்காலிகமாக அடைத்துவிட்டார்கள், முழுதாக மாற்றச் சாரம் கட்ட வேண்டும். வீடு வாங்கினவர்கள் ஒவ்வொருவருக்கும் 250 பவுணுக்கு மேல் பங்கு வரும் வேலை என்றால், முதலில் அறிவித்தல் கொடுத்து 30 நாள் அவர்கள் கருத்தைக் கேட்க வேண்டும். துருக்கிக்காரர் தன் பழைய பில்லோடு எழும்பி, "கவுன்சில் பராமரிக்காத குழாய்க்கு நான் ஏன் கட்ட வேணும்?" என்றார். அவர் கேட்டது நியாயம். சின்னவனின் மூச்சும் நியாயம். அன்றைக்குக் கூட்டம் நல்ல சூடு.

சங்கம் இருந்தால் எல்லாம் சரி என்று நினைக்காதீர்கள் அக்கா. 2017 யூன் 14 அன்று இங்கே லண்டனில் கிரென்ஃபெல் என்ற அடுக்குமாடிக் கோபுரம் எரிந்து 72 பேர் இறந்தது உங்களுக்கும் தெரியும், டிவியில் பார்த்துவிட்டு அம்மா அழுதுகொண்டு போன் எடுத்தாரே. அந்தக் கட்டடத்தை நிர்வகித்தது வாடகைக்காரர்களும் இயக்குநர்களாக இருந்த அமைப்புத்தான். தீ ஆபத்து இருக்கிறது என்று அங்கே குடியிருந்தவர்கள் முன்னமே எழுதியும் இருந்தார்கள். நாற்காலி கொடுப்பது வேறு, காது கொடுப்பது வேறு. அதன் பிறகுதான் 2023 இல் புதுச் சட்டம் வந்து, கவுன்சில்களையும் பரிசோதித்துத் தரம் போடுகிறார்கள். எங்கள் தலைவி அந்தப் பரிசோதனை அறிக்கையை அச்சடித்து, அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறார்.

இந்தக் கிழமை வாடகைக் கடிதமும் வந்தது. போன செப்டெம்பர் விலைவாசி உயர்வு 3.8 வீதம், அதற்கு மேல் 1 வீதம். ஆக சித்திரையிலிருந்து 4.8 வீதம் கூட. இவருக்குச் சம்பளம் அந்த அளவுக்கு ஏறவில்லை. ஏதோ சமாளிப்போம்.

இனி உங்களிடம் ஒரு உதவி. செயலாளர் வீடு மாறிப் போகிறார், அந்த வேலையை என்னைச் செய்யச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவது பயமில்லை. ஆட்கள் வருவதுதான் பிரச்சினை. தேநீரும் வடையும் வைத்தாலும் பாதிக் கதிரை காலியாகத்தான் கிடக்கிறது. ஈரலிப்பு இல்லாத வீட்டுக்காரர் எட்டியும் பார்ப்பதில்லை. நீங்கள் மாதர் சங்கத்தை இவ்வளவு காலம் நடத்துகிறீர்கள். தோட்ட வேலை, பிள்ளைகள், சமையல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தப் பெண்களை எப்படிக் கூட்டத்துக்கு வரப்பண்ணுகிறீர்கள்? வீடு வீடாகப் போவீர்களா, பின்னேரம் வைப்பீர்களா, சீட்டுக் கட்டுகிற நாளோடு சேர்த்து வைப்பீர்களா? விவரமாக எழுதுங்கள். அடுத்த கூட்டம் பங்குனி முடிவில், அதற்கு முன் கிடைத்தால் நல்லது.

மிளகாய்த்தூள் முடியப் போகிறது. யாரும் இந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை