ஆற்றங்கரை வரிசைகளைப் பற்றி

அன்புள்ள கதிர்,

நீ அனுப்பிய வீடியோவை அம்மாவும் நானும் திரும்பத் திரும்பப் பார்த்தோம். மலேசியாவின் சபாவில், கினாபாத்தாங்கான் ஆற்றோரம், உன் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்ட டிவிஷன் எல்லையில் இருக்கும் அத்தி மரத்தில் அந்தத் தாய் ஒராங் ஊத்தான் உட்கார்ந்திருக்கிறது. குட்டி அதன் விலாவோர மயிரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, தாய் மென்றுகொண்டிருந்த பழத்தை வாயிலிருந்தே பிடுங்கித் தின்கிறது.

குட்டி படிப்பதே அப்படித்தான். எந்தப் பழம் எங்கே பழுக்கும், பழம் இல்லாத மாதங்களில் எந்தப் பட்டையை உரித்தால் உள்ளே தின்ன ஏதாவது கிடைக்கும் என்பதெல்லாம் தாயைப் பார்த்துத்தான் வர வேண்டும். பொழுது சாயும்போது கிளைகளை வளைத்து, முறித்து, இலை பரப்பி ஒராங் ஊத்தான்கள் தூங்கக் கூடு கட்டும். பெரும்பாலும் தினமும் புதுசு. சின்னக் குட்டியும் பக்கத்தில் நாலு குச்சியை மடித்துப் பழகும். அது உருப்படியான கூடாக வருவதற்குச் சில வருஷம் பிடிக்கும். தகப்பன் துணைக்கு இருப்பதில்லை. தாய் ஒருத்தியே வளர்க்கிறாள். அடுத்த குட்டி பிறக்க ஏழெட்டு வருஷம் ஆகும். முதல் குட்டியே பதினைந்து வயதை ஒட்டித்தான். ஒரு தாய் செத்துப்போனால் அந்த இழப்பு ஈடாக எத்தனை காலம் ஆகும் என்று நீயே கணக்குப் போட்டுப் பார்.

‘காட்டை வெட்டினால் வேறு பக்கம் போய்விடும்’ என்று தோட்டங்களில் பேசுவதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. ஆண்கள் வளர்ந்ததும் தூரம் போகும், சரி. பெண் குட்டிகள் தாய் திரிந்த இடத்தை ஒட்டியே வாழும். அவை எங்கே போகும்?

நம் வீட்டுச் சோறும் உன் படிப்பும் செம்பனையில் வந்தவை. செம்பனையே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே 2005-இல் சரணாலயமாக அறிவித்த ஏறத்தாழ 26,000 ஹெக்டேர் காடு துண்டு துண்டாகக் கிடக்கிறது, நடுவில் தோட்டங்கள். ஒராங் ஊத்தானுக்கு நீந்தத் தெரியாது. கிளையாற்றைக் கடக்க இரு கரை மரங்களும் மேலே ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். பெரிய மரங்கள் போன இடங்களில் பழைய தீயணைப்புக் குழாய்களைப் பாலமாகக் கட்டி விட்டிருக்கிறார்கள், அவற்றில் ஏறிக் கடக்கவும் செய்கின்றன. நல்ல வேலைதான். ஆனாலும் மரம் மரம்தான்.

பழைய செம்பனைகளை எடுத்துவிட்டு மறுநடவு வருகிறது என்றாயே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆற்றை ஒட்டிய வரிசைகளில் திரும்பக் கன்று வைக்காதே. மூன்று மீட்டருக்கு மேல் அகலமான ஆறு என்றால் கரையில் 20 மீட்டர் விட வேண்டும் என்று சபாவின் 1998 நீர்வளச் சட்டமே சொல்கிறது. முடிந்தால் அதற்கு மேலும் விடு. அத்தி மரங்களில் கை வைக்க வேண்டாம். மேனேஜரிடம் வெள்ளக் கணக்கிலிருந்து பேச்சை ஆரம்பி: தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் கன்று அழுகும், உரம் அடித்துப் போகும், குலையும் தேறாது. இதை அவரால் மறுக்க முடியாது.

அப்புறம், ஒராங் ஊத்தான் செம்பனை இளங்குருத்தைத் தின்ன வந்தால் காவல்காரர்கள் துப்பாக்கி எடுக்கக் கூடாது. முழுப் பாதுகாப்புள்ள விலங்கு என்பதை வேலையை மேற்பார்வை பார்க்கும் மண்டோர்களிடம் நீயே நேரில் சொல். வனவிலங்குத் துறையின் தொலைபேசி எண்ணை ஒவ்வொரு காவல் கொட்டகையிலும் எழுதி ஒட்டு.

மேனேஜர் என்ன சொன்னார் என்று ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணிச் சொல்.

அன்புடன்,
அப்பா