பிஸ்டுலாவைத் தள்ளிப்போட்டோம்

ஆசிரியருக்கு,

வணக்கம். என் கணவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நடக்கிறது. தடவைக்கு நாலு மணி நேரம். வெளியே பெஞ்சில் காத்திருக்கும்போது புதிதாக வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "கிரியாட்டினின் எவ்வளவு இருந்தப்ப ஆரம்பிச்சாங்க?" என்பதுதான்.

சிறுநீரகம் வெளியேற்றாமல் ரத்தத்தில் தேங்கும் கழிவைக் காட்டும் அந்த எண்ணையே நாங்களும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். 6 ஆனதும் இனி டயாலிசிஸ்தான் என்று பயந்தோம். டாக்டரோ, "அதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. சாப்பாடு இறங்குகிறதா, குமட்டுகிறதா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா, மருந்துக்கும் அடங்காமல் பொட்டாசியம் ஏறுகிறதா என்று பார்ப்போம்" என்றார். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 828 பேரை வைத்து நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றி என் மகள் படித்துச் சொன்னாள். முன்கூட்டியே ஆரம்பித்தவர்கள் அதனால் கூடுதல் நாள் வாழவில்லையாம். ஆனால் தள்ளிப்போடச் சொல்லப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு, சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறித்த அளவுக்கு இறங்கும் முன்பே ஆரம்பிக்க வேண்டி வந்ததாம், பெரும்பாலும் உடல் உபாதையால்.

சரி, டயாலிசிஸ் பொறுக்கலாம். பிஸ்டுலா பொறுக்காது. கையில் ரத்தநாளங்கள் இரண்டை இணைத்துத் தைக்கிற சின்ன ஆபரேஷன் அது. டயாலிசிஸ் ஊசியை அந்த இடத்தில்தான் குத்துவார்கள்; அதற்கேற்ற அளவுக்கு நரம்பு தடிக்க ஒன்றரை மாதம் முதல் மூன்று மாதம் வரை ஆகும். டாக்டர் எட்டு மாதம் முன்பே சொல்லிவிட்டார். "கையை அறுத்தா டயாலிசிஸ் தானா வந்துடும்" என்று இவர் பிடிவாதம் பிடித்தார். நானும் சேர்ந்துகொண்டேன், மறைப்பானேன்.

ஆடி மாதத்தில் ஓர் இரவு இவரால் படுக்கவே முடியவில்லை. விடிய விடிய நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். காலையில் கழுத்தில் குழாய் போட்டுத்தான் டயாலிசிஸ் செய்தார்கள். மூன்றாம் வாரம் அந்தக் குழாயில் கிருமி பிடித்து, குளிர் காய்ச்சலோடு மறுபடி அட்மிஷன். அப்புறம் பிஸ்டுலா போடப் போனால், இடது கையில் நல்ல நரம்பே அகப்படவில்லை. போகிற இடமெல்லாம் அதே கையில் ரத்தம் எடுத்தும் டிரிப்ஸ் ஏற்றியும் கெடுத்து வைத்திருந்தார்கள். கடைசியில் வலது கையில்தான் போட்டார்கள்.

சிறுநீரக நோயாளிகளுக்கு, "இந்தக் கையில் ஊசி வேண்டாம்" என்று முதல் சீட்டிலேயே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தால் என்ன? பிஸ்டுலா போட்டதும் டயாலிசிஸ் ஆரம்பித்துவிடாது என்பதையும் உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒருமுறை விளக்கமாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கோவில்பட்டி.