தட்டானுக்கு வெச்ச கணக்கு பாசிக்கு சரிப்படாது

உயிரினப் பாதுகாப்புக்கு பட்ஜெட் ஒதுக்கறவங்க, சர்வே ஃபார்ம் தயார் பண்றவங்க எல்லாருக்கும் வணக்கம்.

ஒரு இடத்துல ரோடு வரலாமா கூடாதான்னு பாக்கறப்போ பறவை, பட்டாம்பூச்சி, தட்டான்னு எல்லாத்தையும் எண்ணுறீங்க, நல்ல விஷயம், ஆனா பாசிக்கு (குளத்துல மிதக்கறது இல்ல, ஈரப் பாறையில ஒட்டி வளர்ற குட்டிச் செடி) பல ஃபார்ம்ல ஒரு கட்டம்கூட இருக்கறதில்ல.

மழை நேரத்துல கூட்டம் கூட்டமா பறக்குமே மஞ்சத் தட்டான், பன்டாலான்னு பேரு, அதுக்கு மழைத்தண்ணி தேங்கின குட்டை ஒண்ணு போதும், முட்டை போட்டு ரெண்டு மாசத்துக்குள்ள குஞ்செல்லாம் றெக்க முளைச்சு கிளம்பிடும், குட்டை வத்துனா வேற ஊரு, இந்தியப் பெருங்கடலயே தாண்டி ஆப்பிரிக்கா வரைக்கும் போற ஜீவன் அது. அதனால ஒரு இடத்துல அது பறக்குதுன்னா கொஞ்ச நாளா அங்க தண்ணி இருந்துச்சுன்னு தெரியும், அவ்ளோதான். அத வெச்சு "இந்த இடம் நல்லாத்தான் இருக்கு"ன்னு எழுதிடாதீங்க.

இப்போ டக்காகியாங்கற பாசிய பாருங்க. உலகத்துலயே அதுல ரெண்டே இனம்தான். ஒசரம் ஒரு சென்டிமீட்டர் வாக்குலதான் இருக்கும், லென்ஸ் வெச்சுப் பாத்தா இலை ஒவ்வொண்ணும் குட்டிக் குட்டி விரலா பிரிஞ்சு நிக்கும். வேர் கிடையாது, பாறையோட ஈரத்த உடம்பாலயே உறிஞ்சிக்கும். சுமார் 39 கோடி வருஷப் பழைய வம்சம், இமயமலை எழும்பறதுக்கு ரொம்ப முன்னாடியே இருந்தது, அந்த மலை மேல ஏற ஏற குளிரு, பனி, கொடூரமான வெயில்னு எல்லாத்துக்கும் பழகிக்கிச்சு. அதையே திபெத் பக்கம் பல வருஷம் கவனிச்சவங்க, சூடு ஏற ஏற அது குறைஞ்சுட்டே வருதுன்னு 2023ல எழுதிட்டாங்க. தட்டான் மாதிரி பறந்து போக அதுக்கு வழியில்ல, அந்தப் பாறை காஞ்சா அதோட கதை அங்கயே முடிஞ்சிடும், எனக்கு இத நெனச்சா மனசே ஆறல.

தட்டானுக்கு ஒதுக்கற காச குறைங்கன்னு நான் கேக்கல, குறைக்கவும் கூடாது. ஃபார்ம்ல பாசிக்கு தனி கட்டம் போடுங்க, ஈரமான சீசன்லயே பாசி தெரிஞ்ச ஆள லென்ஸோட அனுப்புங்க, அபூர்வமானது கிடைச்சா ஒரு சிட்டிகைக்கு மேல பிடுங்க விடாதீங்க, எண்ணிக்கைய மட்டும் பாக்காம அந்தப் பாறைக்கு ஈரம் எங்கேருந்து வருதுன்னும் குறிச்சு அந்தத் தண்ணி வழிய மறிக்கற எந்த வேலைக்கும் அனுமதி தராதீங்க.