லெகாட்டோ லிக்: ஒரு கருத்தும் ஓர் அச்சுப் பிழையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் வெளிவந்த, எலெக்ட்ரிக் கிட்டாரில் வேகமான லெகாட்டோ லிக்குகளை (சிறு இசைத்துணுக்குகளை)க் கற்பது பற்றிய கட்டுரையைப் படித்தேன். இப்படியொரு பொருளுக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று அரைப் பக்கம் ஒதுக்கியது, இருபத்தைந்து ஆண்டுகளாகக் கிட்டார் சொல்லிக்கொடுத்து வரும் எனக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது. ஆயினும் அக்கட்டுரையில் இரண்டு செய்திகள் திருத்தப்பட வேண்டியவை. பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) பிடிக்கும் கை மந்தமாக உள்ளவர்களுக்கு லெகாட்டோ ஒரு குறுக்கு வழி என்ற கருத்து ஒன்று. கட்டுரையோடு அச்சாகியிருந்த டேபில் (எந்தத் தந்தியில் எந்த இடத்தை அழுத்துவது என்று எண்களால் காட்டும் குறிப்பில்) உள்ள பிழை மற்றொன்று. பிழையைப் பென்சிலால் திருத்திவிடலாம் என்பதால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, கருத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

லெகாட்டோ என்ற இத்தாலியச் சொல்லுக்குப் பிணைக்கப்பட்டது என்று பொருள். கிட்டாரில், ஒரு தந்தியைப் பிக்கால் ஒருமுறை மீட்டிவிட்டு, அதன்பின் வரும் சுரங்களை இடக்கை விரல்களாலேயே எழுப்புவதை அப்படி அழைக்கிறோம். ஏறும்போது விரல் நுனியால் தந்தியை, கழுத்தின் குறுக்கே பதித்த கம்பியாகிய ஃபிரெட்டை ஒட்டித் தட்டுவது ஹாமர் ஆன். இறங்கும்போது விரலை எடுக்கையிலேயே தந்தியைச் சற்றுப் பக்கவாட்டில் சுண்டிவிடுவது புல் ஆஃப். விரலை அழுத்தியபடியே அடுத்த ஃபிரெட்டுக்கு வழுக்கிச் செல்வது ஸ்லைடு. வீணை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த எண்ணம் அந்நியமானதன்று. ஒரு மீட்டு ஒலித்து அடங்குவதற்குள் இடக்கை அதிலிருந்து பல சுரங்களை இழுத்தும் வழுக்கியும் எடுப்பதை நாம் காலங்காலமாகக் கேட்டு வருகிறோம். வலக்கை ஓய்ந்திருக்கும் அந்த நேரத்தில்தான் வைணிகரின் வித்தை முழுவதும் வெளிப்படுகிறது. அவரது வலக்கை மந்தம் என்பதால் அவர் அப்படி வாசிக்கிறார் என்று யாரும் சொல்வதில்லை.

கிட்டாரில் இந்தப் பாணியை அதன் எல்லை வரை கொண்டுசென்ற ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த்தின் கதையும் இதையே காட்டுகிறது. 1946ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் பிறந்த அவருக்கு முதலில் சாக்ஸஃபோன் வாசிக்கத்தான் ஆசை. கைக்குக் கிடைத்தது கிட்டார். சாக்ஸஃபோனில் ஒரே மூச்சில் நீண்ட வரியொன்று வெட்டுப்படாமல் ஓடுவதைப் போலக் கிட்டாரிலும் ஓட வேண்டும் என்று அவர் விரும்பினார். அதற்காகப் பிக்கின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனார். புல் ஆஃபில் தந்தி பக்கவாட்டில் இழுபடுவதால் எழும் ஒலி அவருக்குப் பிடிக்காமல் போகவே, இறங்கும் சுரங்களையும் முடிந்த வரை மேலிருந்து தட்டியே எழுப்பினார். ஜாஸ் டிரம் கலைஞர் டோனி வில்லியம்ஸின் குழுவோடு 1975இல் வெளியான இசைத்தட்டிலேயே இந்தப் பாணி தெளிவாகக் கேட்கும். ராக் கிட்டார் கலைஞர் எட்டி வான் ஹேலன் போன்றவர்கள் அவரை வியந்து பேசியது வேகத்துக்காக மட்டும் அன்று. எந்தச் சுரம் பிக்கால் வந்தது, எது விரலால் வந்தது என்று பிரித்தறிய முடியாத அந்தச் சீரான ஒலிக்காகவும்தான். 2017இல் அவர் மறையும் வரை, அதைப் போல இன்னொரு கை எழுந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இந்தச் சீர்மையைத்தான் மாணவர்கள் அடையத் திணறுகிறார்கள். தங்கள் கட்டுரை அதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை. பிக்கால் மீட்டும்போது தந்தியின் அசைவுக்கான விசை வலக்கையிலிருந்து வருகிறது. ஹாமர் ஆனில் அந்த விசை, விரல் விழும் வேகத்திலிருந்து மட்டுமே வர வேண்டும். மெதுவாக வந்து பலமாக அழுத்தும் விரலைவிட, சிறிய உயரத்திலிருந்து சட்டென விழுந்து உடனே தளரும் விரலே நல்ல ஒலி தரும். புதிதாகக் கற்பவர் ஏறக்குறைய எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: விரலை அரை அங்குலம் உயர்த்தி, இறக்கிய பிறகு முழங்கை வரை இறுக்கிப் பிடிக்கிறார்கள். இறுகிய கை மூன்றாவது தந்திக்குப் போகும்போதே களைத்துவிடுகிறது.

இந்தக் குறையை மறைத்துவிடும் பொருள் ஒன்று உண்டு, அது ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன். ஆம்பில் (ஒலிபெருக்கியில்) கெயின் என்னும் பெருக்க அளவை ஏற்றும்போது பலத்த ஒலிகள் நசுங்கி, மெல்லிய ஒலிகள் மேலெழுந்து, எல்லாம் ஏறத்தாழ ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். லெகாட்டோ வாசிப்பவர்கள் மேடையில் அதைப் பயன்படுத்துவதற்குத் தக்க காரணம் இருக்கிறது. பயிற்சியில் அதையே நம்பினால் என்ன ஆகும் என்பதை நான் பத்தொன்பது வயதில் கற்றுக்கொண்டேன். ஓராண்டு முழுவதும் கெயினை உச்சத்தில் வைத்துப் பழகிவிட்டு, ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். பாடலுக்குத் தெளிந்த ஒலிதான் வேண்டும் என்று ஒலிப்பதிவாளர் டிஸ்டார்ஷனை அணைத்தார். நான் பெருமையோடு வாசித்த வரியில் பிக் பட்ட சுரங்கள் மட்டும் கேட்டன. இடையில் இருந்தவை வெறும் விரல் தட்டும் சத்தமாக ஒலித்தன. அவர் எதுவும் சொல்லாமல் தேநீர் வரவழைத்தார். அன்றிலிருந்து என் வீட்டில் பயிற்சியின் முதல் அரை மணி நேரம் டிஸ்டார்ஷன் கிடையாது. என் மாணவர்களுக்கும் அதே சட்டம்தான்.

புல் ஆஃபைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விரலைத் தந்தியிலிருந்து நேராக மேலே தூக்கினால் அடுத்த சுரம் எழாது, அல்லது முனகும். போகிற போக்கில் தந்தியைத் தரைப்பக்கமாகச் சிறிதளவு இழுத்துவிட வேண்டும். அதிகமாக இழுத்தால் சுருதி விலகும், பக்கத்துத் தந்தியும் அதிரும். அதோடு, எந்தச் சுரத்துக்கு இறங்குகிறோமோ அந்த விரல் முன்கூட்டியே அங்கே அமர்ந்திருக்க வேண்டும். இதற்கு இரண்டு இரண்டு விரல்களாக எடுத்துக்கொண்டு தட்டியும் சுண்டியும் மாறி மாறிப் பழகுவதைவிடச் சிறந்த பயிற்சியை நான் கண்டதில்லை. நான்கு விரல்களில் ஆறு ஜோடிகள் உண்டு. அவற்றில் மோதிரவிரலும் சுண்டுவிரலும் சேரும் ஜோடி எப்போதும் கடைசியில்தான் தேறும். மோதிரவிரலை நிமிர்த்தும் தசைநாண் பக்கத்து விரல்களின் நாண்களோடு பிணைந்திருப்பதால் அதைத் தனியே உயர்த்துவது எவருக்கும் கடினம். ஆகையால் மாணவர் தம் சோம்பலை நினைத்து நொந்துகொள்ள வேண்டியதில்லை.

எங்கே தொடங்குவது என்பதும் முக்கியம். கட்டுரை மூன்றாம் ஃபிரெட்டில் தொடங்கச் சொல்கிறது. 648 மில்லிமீட்டர் தந்தி நீளமுள்ள ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டாரில் மூன்றாம் ஃபிரெட்டிலிருந்து ஏழாம் ஃபிரெட் வரை ஏறத்தாழ 112 மில்லிமீட்டர் தூரம். பன்னிரண்டிலிருந்து பதினாறு வரை அதே நான்கு ஃபிரெட் தூரம் 67 மில்லிமீட்டர்தான். பதினைந்து வயதுப் பிள்ளையின் கைக்கு இந்த வேறுபாடு மிகப் பெரிது. மேலே தொடங்கி, கை பழகப் பழக வாரம் ஒரு ஃபிரெட்டாகக் கீழே இறங்குவதே நல்லது. மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி தோன்றினால் அன்றைய பயிற்சியை அத்தோடு நிறுத்த வேண்டும். வலியைத் தாங்கி வாசிப்பதை வீரமாக நினைத்து மாதக்கணக்கில் கிட்டாரைத் தொடமுடியாமல் போனவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர் உண்டு.

இனி வேகத்துக்கு வருகிறேன். நிமிடத்துக்கு இத்தனை என்று தாளத் தட்டை ஒலிக்கும் மெட்ரோனோமில் நாளொன்றுக்கு ஐந்து எண் கூட்டினால் ஒரு மாதத்தில் வேகம் கைவரும் என்று கட்டுரை கூறுகிறது. அறுபதில் தொடங்குபவர் முப்பது நாள் கழித்து இருநூற்றுப் பத்தில் நிற்பார். தாளத் தட்டுக்கு நான்கு சுரம் என்றால் நொடிக்குப் பதினான்கு சுரங்கள். அறுபதில் நொடிக்கு நான்கு சுரம்கூடச் சமமாக விழாத கை, பதினான்கில் எப்படி விழும்? லெகாட்டோவில் சறுக்குவது பெரும்பாலும் காலப்பிரமாணத்தில்தான். தட்டும் விரல்களுக்கு அவசரம் அதிகம். பிக் பட்ட சுரம் நீண்டும், அதையடுத்த இரண்டும் நெருக்கியடித்துக்கொண்டும் வரும். விரைவாக வாசிக்கும்போது இது வாசிப்பவருக்குத் தெரியாது, கேட்பவருக்கு உடனே தெரியும். செல்பேசியில் பதிவு செய்து ஒருமுறை கேட்டால் ஐயம் தீர்ந்துவிடும்.

இதற்கு நம்மிடம் ஒரு மருந்து இருக்கிறது. தந்திக்கு மூன்று சுரம் வீதம் ஆறு தந்திகளில் ஏறினால் மொத்தம் பதினெட்டுச் சுரங்கள். பிக் படுவது ஆறு இடங்களில் மட்டும். இதைத் திஸ்ரத்தில், தட்டுக்கு ஆறு சுரமாக, தகிட தகிட என்று சொல்லி வாசித்தால் மூன்று தட்டில் கச்சிதமாக முடியும். ஒவ்வொரு தந்தியின் முதல் சுரமும் ஒரு தகிடவின் ‘த’வில் விழுவதால் கை தானாகவே ஓடும். இப்போது அதையே சதுஸ்ரத்துக்கு மாற்றி, தட்டுக்கு நான்காக, தகதிமி என்று வாயால் சொல்லிக்கொண்டே வாசித்துப் பாருங்கள். பிக் முதலில் ‘த’வில் விழும், அடுத்து ‘மி’யில், பிறகு ‘தி’யில், பிறகு ‘க’வில், மீண்டும் ‘த’விலும் ‘மி’யிலும். பிக் படும் சுரம் சிறிது பலமாக ஒலித்தாலும் காதுக்குத் திஸ்ரமாகவே கேட்கும். சொல்லும் சொல்லுக்கும் கேட்கும் ஒலிக்கும் சண்டை வந்து நாக்கு தடுமாறும். நாக்கு தடுமாறாத அளவுக்குப் பிக்கின் அழுத்தம் குறைந்து விரலின் ஒலி உயர்ந்துவிட்டதென்றால், லெகாட்டோ வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். மிருதங்கம் ஓராண்டு கற்றுவிட்டுக் கிட்டாருக்கு வரும் பிள்ளைகள், மூன்றாண்டு கிட்டார் பழகியவர்களைவிட விரைவாக இதைப் பிடித்துக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கர்நாடக இசையை எலெக்ட்ரிக் கிட்டாரில் வாசிக்கும் ஆர். பிரசன்னா போன்றவர்களைக் கேட்டால், இடக்கையின் ஓட்டமும் தாளக்கணக்கும் ஒன்றையொன்று எப்படித் தாங்குகின்றன என்பது புரியும்.

வேண்டாத தந்திகளை அடக்குவது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுட்டுவிரலின் நுனி மேலேயுள்ள தடித்த தந்தியைத் தொட்டுக்கொண்டும், அதன் அடிப்பாகம் கீழேயுள்ள மெல்லிய தந்திகளின் மேல் படிந்துகொண்டும் இருக்க வேண்டும். எஞ்சிய தடித்த தந்திகளை வலது உள்ளங்கை பார்த்துக்கொள்ளும். தலைமுடிக்குப் போடும் ரப்பர் வளையத்தைக் கிட்டாரின் கழுத்தில் மாட்டிக்கொள்வது இப்போது பரவியிருக்கிறது. ஒலிப்பதிவுக்கு அது உதவலாம். பயிற்சியில் அதை மாட்டிக்கொள்பவர் தம் கையின் குறையைத் தாமே கேட்க முடியாது. தந்தியைப் பொறுத்தவரை மிக மெல்லிய தந்தி 0.009 அங்குலத் தடிமனில் தொடங்கும் செட் போதும்.

கடைசியாக, அச்சில் வந்த டேபின் பிழை. ஜி மேஜர் ஸ்கேல் என்று தலைப்பிட்டு, தடித்த தந்தியிலிருந்து எண்ணினால் முதல் நான்கு வரிகளிலும் 3-5-7 என்றே அச்சாகியிருக்கிறது. தடித்த தந்தியாகிய ஆறாவதிலும் ஐந்தாவதிலும் அது சரி. நான்காம் தந்தியின் மூன்றாம் ஃபிரெட் எஃப். ஜி மேஜருக்கு வேண்டியது எஃப் ஷார்ப். மூன்றாம் தந்தியில் அதே இடத்தில் பி ஃபிளாட் வந்துவிடுகிறது. வர வேண்டியது பி. ஆகவே நான்காம், மூன்றாம் தந்திகளுக்கு 4-5-7 என்றும், இரண்டாம், முதல் தந்திகளுக்கு அச்சில் உள்ளபடியே 5-7-8 என்றும் இருக்க வேண்டும். என் மாணவர்கள் நால்வர் அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஒரு வாரமாக அந்த எஃபை மிகச் சீராக, மிகத் தெளிவாக வாசித்துப் பழகியிருந்தார்; இப்போது அவர் விரலிலிருந்து அதை எடுக்கும் வேலை எனக்கு. அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு சிறு கட்டத்திலாவது திருத்தத்தை வெளியிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கிட்டார் ஆசிரியர்,
மயிலாப்பூர், சென்னை.