எண்ணெயைக் குறை

அன்பு மகனுக்கு,

ஜெய்சால்மரில் மணல்காற்று தொடங்கிவிட்டது, தினமும் எண்ணெய் விட்டும் ஏகே ரைபிள் திணறுகிறது என்று எழுதியிருந்தாய். விட்டும் இல்லையடா, விட்டதால்தான். பொடிமணலும் எண்ணெயும் கலந்தால் ஒர்க்‌ஷாப்பில் வால்வு தேய்க்கிற கிரைண்டிங் பேஸ்ட்தான்.

காற்று அடிக்கும்போது பிரிக்காதே. செக்‌ஷனில் எல்லாரும் ஒரே நேரத்தில் பிரித்துப் போட்டு உட்காரவும் கூடாது. முதலில் மேகசினைக் கழற்று, சேஃப்டியை இறக்கு, முன்னும் பின்னும் ஓடும் கேரியரை இழுத்து, தோட்டா உட்காரும் சேம்பர் காலியா என்று கண்ணாலும் சுண்டுவிரலாலும் பார். அதற்கப்புறம் மேல்மூடி, ஸ்பிரிங், கேரியர், தோட்டாவுக்குப் பின்னால் அடைத்துப் பூட்டும் போல்ட், வெடிவாயு போகும் கேஸ் டியூப் என்று கழற்று. துணி விரித்து, கழற்றிய வரிசையிலேயே வை.

குழலுக்குள் துடைக்கும் ராடை வாய்ப்பக்கமிருந்துதான் விட முடியும். கிட்டில் இருக்கும் மூடியை வாயில் மாட்டாமல் விட்டால் ராடு விளிம்பை உரசும்; விளிம்பு தேய்ந்தால் குறி போச்சு. துணி அழுக்கில்லாமல் வரும்வரை மாற்று. சேம்பரை மட்டும் நன்றாகக் காயவிடு. அங்கே எண்ணெய் இருந்தால் தோட்டாக்கூடு சுவரைப் பிடிக்காது, உதை முழுக்க போல்ட்மேல் விழும். கேரியர் முனையில் இருக்கும் பிஸ்டனிலும் கேஸ் டியூபிலும் கரியைச் சுரண்டித் துடைத்தால் போதும், எண்ணெய் வேண்டாம். வெந்து மேலும் கரியாகும். மேகசினுக்குள்ளும் அப்படியே, கசியும் எண்ணெய் தோட்டாவின் அடியில் தீப்பற்றவைக்கும் பிரைமரைச் செத்துப்போக வைக்கும்.

எண்ணெய் மூன்றே இடம்: கேரியர் ஓடும் தண்டவாளம், போல்ட்டைப் பூட்டும் அதன் காதுகள், கேரியரில் போல்ட்டைத் திருப்பும் பள்ளம். விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துத் தடவி, துணியால் ஒற்றிவிடு. பளபளப்பு தெரியணும், ஈரம் தெரியக்கூடாது. போல்ட்டைக் காதருகே குலுக்கிப் பார். உள்ளே பிரைமரைக் குத்தும் ஊசி, ஃபயரிங் பின், லொடலொடக்கணும். அழுக்கு அடைத்து அது முன்னால் சிக்கிக்கொண்டால், விசையைத் தொடாமலே வெடிக்கும்.

பழைய சோவியத், சீனத் தோட்டா சுட்டால் கதையே வேறு. அந்த பிரைமர் விட்டுப்போவது உப்பு. எண்ணெயில் கரையாது, அடியிலேயே இருந்து துரு பிடிக்கவைக்கும். அன்றைக்கே வெந்நீர் ஊற்றிக் கழுவு, குழலோடு பிஸ்டனையும் கேஸ் டியூபையும் சேர்த்து. சூட்டிலேயே ஈரம் காயும். துடைத்தபின் எண்ணெய், அதே மூன்று இடத்தில்.

லடாக் போனால் ரைபிளைக் கதகதப்பான கூடாரத்துக்குள் கொண்டுவராதே. உள்ளே வந்ததும் வியர்க்கும், வெளியே போனதும் அந்த வியர்வை பனியாகி போல்ட்டைப் பிடிக்கும்.

அம்மா அனுப்பும் முறுக்கு டப்பாவுக்கு அடியில் பழைய வேட்டியை நாலுக்கு ரெண்டு அங்குலமாக வெட்டி வைத்திருக்கிறேன். முறுக்கு எண்ணெய் படாமல் தனியாக எடுத்து வை.

அப்பா