திறப்பு விழாவுக்கு மூன்று நாள் முன்பே சாவியைத் தாருங்கள்

பாளையங்கோட்டையில் சிறு கலைக்கூடம் நடத்தும் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். ஐப்பசியில் ஒரு ஒளிப்படக்காரரின் தனிநபர் கண்காட்சி வைக்கிறீர்கள். தாமிரபரணிக் கரையும் கூந்தன்குளத்துப் பறவைகளுமாக 45 படங்கள் என்று அழைப்பிதழ் சொல்கிறது. நல்ல காரியம். ஆனால் படம் மாட்டுவது, விழாவுக்கு முந்தின நாள் இரவு ஆணியும் சுத்தியலுமாக நின்று முடித்துவிடக்கூடிய வேலை இல்லை.

முதலில் கணக்கு. உங்கள் கூடத்தில் படம் மாட்டத்தக்க மூன்று சுவரும் சேர்ந்து 60 அடி. 16-க்கு 24 அங்குலப் படத்துக்குச் சுற்றிலும் 3 அங்குலம் மவுண்ட், அதாவது ஓர அட்டை, விட்டால் ஃப்ரேம் 30 அங்குல அகலம் வரும். இடைவெளி 10 அங்குலம். ஒவ்வொரு சுவரின் இரு முனையிலும் ஓரடி விட்டால் மிஞ்சுகிற 54 அடியில் 16 படம் நிற்கும். 45-ஐயும் ஏற்றினால் மூன்று அடுக்கு போட வேண்டும். பாத்திரக்கடை மாதிரி ஆகிவிடும்.

உயரத்தில்தான் நம் ஊர்ப் பழக்கம் குறுக்கே வரும். சாமி படத்தையும் தாத்தா படத்தையும் நிலைவாசலுக்கு மேலே, முன்பக்கம் சாய்த்து மாட்டியே பழகிய கை நமக்கு. கண்காட்சியில் படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 58 அங்குலத்தில் இருக்கட்டும். ஃப்ரேமின் உயரம் 22 என்றால் அதில் பாதி 11. பின்பக்கக் கம்பியை இழுத்துப் பிடித்தால் மேல்விளிம்பிலிருந்து 3 அங்குலம் கீழே நிற்கிறதென்று வையுங்கள்: 58-உடன் 11 கூட்டி 3 கழிக்க, கொக்கி 66-இல். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இந்த 3 மாறும், அளக்காமல் ஆணி அடிக்கக் கூடாது. சுவர் நெடுக நூல் பிடித்து, கொத்தனாரின் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கண்மட்டத்தை நம்பினால் ஐந்தாவது படத்தில் வரிசை இறங்கியிருக்கும். பழைய சுண்ணாம்புப் பூச்சில் ஆணி பொத்தல்தான் போடும். மேலே ஒரு அலுமினியச் சட்டம் ஓட்டி, அதிலிருந்து இரண்டு கம்பியில் தொங்கவிடுவது உத்தமம். ஒற்றைக் கம்பியில் தொங்கும் படம் மின்விசிறிக் காற்றுக்கே கோணிக்கொள்ளும்.

இப்போதிருக்கும் டியூப்லைட்டுகள் கண்ணாடியில் வெள்ளைக் கோடாக விழுகின்றன. பார்க்க வருபவர் பறவையைப் பார்க்காமல் தன் சட்டையைத்தான் பார்ப்பார். நிறத்தைத் திரிக்காத, சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90-க்கு மேற்பட்ட எல்இடி ஸ்பாட் விளக்குகளை வாடகைக்காவது எடுங்கள். செங்குத்துக் கோட்டிலிருந்து 30 பாகை சாய்வில் படத்தின் நடுப்புள்ளியில் ஒளி விழ வேண்டும்; 10 அடி உயரக் கூரையில் விளக்கு சுவரிலிருந்து 3 அடி தள்ளி வரும். எதிர்ச் சன்னலுக்குக் கனத்த திரை போடுங்கள்.

ஐப்பசி என்பதால் இன்னொன்று. அடைமழையில் வெளிச்சுவர் ஈரம் குடிக்கும். ஃப்ரேமின் கீழ் முனைகள் இரண்டிலும் ரப்பர் பொட்டு ஒட்டினால் பின்னால் காற்றோட்டம் கிடைக்கும். படத்தைக் கண்ணாடியோடு நேராக ஒட்ட வைத்தால், ஈரத்தில் மேற்பூச்சு கண்ணாடியில் பிடித்துக்கொள்ளும். பிறகு உரித்தால் படம் போச்சு. மவுண்ட் அட்டை அழகுக்கு மட்டும் இல்லை, அந்த இடைவெளிக்கும்தான். கண்ணாடிக்கடை அண்ணாச்சியிடம் இதைச் சொல்லிவிடுங்கள். படத்தின் நாலு ஓரமும் இறுகப் பசை போட வேண்டாம், மேல்விளிம்பில் மட்டும் பிடித்தால் போதும். நாலு பக்கமும் பிடித்த தாள் விரிய இடமில்லாமல் அலை அலையாக எழும்பும்.

அச்சு விஷயத்தில் ஒளிப்படக்காரரிடம் கேட்க வேண்டியது கொஞ்சம்தான். 24 மெகாபிக்சல் கோப்பு, அதாவது 6000-க்கு 4000, 24 அங்குலத்தில் அங்குலத்துக்கு 250 புள்ளி தரும், தாராளம். அதையே வெட்டிப் பாதியாக்கியிருந்தால் படத்தைச் சிறிதாக்குங்கள். பளபள லேமினேஷனும் ஃப்ளெக்ஸும் வேண்டாம். திரையில் பார்த்ததைவிடத் தாளில் இருட்டாகத் தெரியும், ஆகவே ஒரு சோதனை அச்சை உங்கள் கூடத்து விளக்கடியிலேயே பார்த்துவிட்டு மற்றதை அச்சிடச் சொல்லுங்கள்.

குறிப்பு அட்டையில் ‘இயற்கையின் கொடை’ என்றெல்லாம் எழுதாமல் ஊர், மாதம், வருடம், பறவையின் பெயர் போதும். தமிழில், 18 புள்ளி எழுத்தில்.

கடைசியாக மேடை. பொன்னாடையும் ஒலிபெருக்கியும் கூடத்துக்குள் வந்தால் நீளச் சுவர் ஒன்று மறைந்துபோகும். விழாவைத் தாழ்வாரத்தில் வையுங்கள். சாவியை மூன்று நாள் முன்பு தந்தால் முதல் நாள் சட்டமும் விளக்கும், இரண்டாம் நாள் படம், மூன்றாம் நாள் கோணல் திருத்தம் என்று முடித்துக்கொடுக்கிறோம். ஏணி மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். ரசமட்டம் எங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
திருநெல்வேலி வட்டார ஒளிப்படக்காரர்கள் சிலர்