கையேட்டுக்கும் ஒரு திட்டம் வேண்டாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரி மாணவர்கள் உருவாக்கும் கட்டற்ற மென்பொருள்களைப் பற்றிய செய்திகளில் அதை எழுதியவர் யார், என்ன செய்யும் என்பதெல்லாம் வருகிறது. கையேடு இருக்கிறதா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப் 2017இல் எடுத்த கருத்தாய்வில், கையேடு போன்ற ஆவணங்கள் அரைகுறையாகவோ பழையதாகவோ கிடப்பதைப் பார்த்ததாக 93 விழுக்காட்டினர் சொன்னார்கள். பங்களிப்பாளர்களில் 60 விழுக்காட்டினர் ஆவணம் எழுதுவதே இல்லை, எழுதினாலும் அபூர்வம் என்றார்கள். 'நிரல் முடியட்டும், கடைசி வாரத்தில் எழுதிக்கொள்ளலாம்' என்ற நினைப்புதான் இதற்கு வேர்.

சிறு விவசாயிகளின் பசுந்தேயிலை எடையைப் பதிந்து மாதக் கணக்குப் போடும் மென்பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணினியில் அதை நிறுவுபவர் ஒருவர், எடை போடும் இடத்தில் தினமும் பதிபவர் இன்னொருவர், நிரலைத் திருத்த வருபவர் மூன்றாமவர். மூவருக்கும் ஒரே ரீட்மீ கோப்பு (நிரலோடு வரும் அறிமுகக் குறிப்பு) போதாது. முதல் வரி நிரல் எழுதுவதற்கு முன்பே ஒரு தாளில் அட்டவணைபோல நாலு கட்டம் போட்டு, யார் படிப்பார், எந்த வேலைக்காக, பக்கத்தின் பெயர் என்ன, அதற்குப் பொறுப்பு யார் என்று எழுதிவிட வேண்டும். பொறுப்பாளர் பெயர் இல்லாத பக்கம் ஆறே மாதத்தில் பழசாகிவிடும்.

டேனியேலே புரோசிதா வகுத்த டயடாக்சிஸ் முறை ஆவணங்களை நான்காகப் பிரிக்கிறது: கற்றுத்தரும் பாடம், வேலையை முடிக்கும் வழிமுறை, தேடிப் பார்க்கும் குறிப்பு, காரணம் சொல்லும் விளக்கம். நான்கையும் ஒரே நேரத்தில் நிரப்ப வேண்டியதில்லை. ஆனால் ஒன்றுக்குள் ஒன்றைக் கலக்கக் கூடாது. தேயிலை வாரியம் அறிவிக்கும் மாத விலையைப் பதியும் வழிமுறையின் நடுவே, தரவுத்தளத்தில் விலை எப்படிச் சேமிக்கப்படுகிறது என்று இரண்டு பத்தி விளக்கினால், வரிசையில் ஆள் நிற்கும்போது அதைப் படிப்பவர் பக்கத்தையே மூடிவிடுவார்.

ஆவணத்தை நிரல் இருக்கும் அதே கிட் களஞ்சியத்தில் (நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிடங்கு), மார்க்டவுன் போன்ற வெற்றுரைக் கோப்பாக வைப்பது நல்லது. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னல் 2016இல் தன் ஆவணங்களை, வெற்றுரைக் கோப்புகளிலிருந்து இணையப் பக்கமும் பிடிஎஃப்பும் உருவாக்கும் ஸ்பிங்ஸ் என்ற கருவியின் முறைக்கு மாற்றத் தொடங்கியதும் இந்த வழியில்தான். பொத்தானின் பெயரை மாற்றும் அதே கமிட்டில், அதாவது களஞ்சியத்தில் பதியும் அதே மாற்றத்தில், கையேட்டின் வரியும் மாறும். மாறாவிட்டால் சரிபார்ப்பவர் நிறுத்திவைக்கலாம். சொற்செயலியில் தட்டினால் வேறொரு தொல்லையும் உண்டு. கட்டளையில் உள்ள இரட்டைக் கோடு தானாகவே ஒரு நீளக்கோடாகிவிடும், நேர் மேற்கோள்குறி வளைந்துவிடும். பார்த்தால் வித்தியாசம் தெரியாது, கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் திரையில் ஒட்டினால் பிழை வரும். படிப்பவர் தன் கணினியைத்தான் சந்தேகிப்பார்.

பலரும் கடைசியில் சேர்க்கும் 'சிக்கல்களும் தீர்வுகளும்' பக்கத்தை நான் முதலில் எழுதச் சொல்வேன். திரையில் வரும் பிழைச்செய்தியை எழுத்து மாறாமல் தலைப்பாகப் போட வேண்டும். தேடுபவர் அதைத்தான் தட்டுவார். படமாகப் போட்டால் தேடலில் சிக்காது. மாதக் கணக்கை சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) எடுத்து எக்ஸெலில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் விவசாயிகளின் பெயர்கள் கோணல்மாணலான குறிகளாகத் தெரிவது வழக்கமான புகார். கோப்பு, தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்தையும் சேமிக்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில்தான் இருக்கும், ஆனால் தொடக்கத்தில் பாம் எனும் அடையாளக்குறி இல்லாததால் எக்ஸெல் வேறு குறியாக்கம் என்று எடுத்துக்கொள்கிறது. அந்தக் குறியோடு சேமிக்கவோ, தரவு இறக்குமதி வழியே யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துத் திறக்கவோ சொன்னால் புகார் தீர்ந்தது. இப்படி நாலு பதிவுகள் இருந்தாலே பாதித் தொலைபேசி அழைப்புகள் குறையும்.

தமிழாக்கத்தில் அவசரம் கூடாது. ஸ்பிங்ஸ் தரும் பி.ஓ. கோப்பில் (மூல வரியும் அதன் மொழிபெயர்ப்பும் அடுத்தடுத்து இருக்கும் கோப்பு) மொழிபெயர்த்த பிறகு ஆங்கில மூலத்தில் ஒரு காற்புள்ளி மாறினாலும், புதுப்பிக்கும்போது அந்த வரி 'ஃபஸி', அதாவது சரிபார்க்க வேண்டியது, என்று குறிக்கப்பட்டுவிடும். அதைச் சரிபார்த்துக் குறியை நீக்கும்வரை வாசகருக்கு ஆங்கிலமே தெரியும். எனவே இனி மாற்றமில்லை என்று மூலத்தை உறையவைத்த பிறகே மொழிபெயர்ப்பைத் தொடங்க வேண்டும். அதிலும் எடை போடுபவர் படிக்கும் பக்கங்கள் முதலில். நிரலாளருக்கான குறிப்புகள் ஆங்கிலத்திலேயே இருந்தால் குடி முழுகிவிடாது. திரையில் 'சேமி' என்றிருந்தால் கையேட்டிலும் 'சேமி' என்றுதான் இருக்க வேண்டும், 'பாதுகாக்கவும்' அல்ல. பிடிஎஃப் வேண்டுமென்றால் ஸ்பிங்ஸ் அமைப்பில், பக்கங்களை அச்சுக்கோர்க்கும் நிரலாக ஸீலாடெக் என்று குறித்து, தமிழ் எழுத்துருவின் பெயரையும் கொடுக்க வேண்டும். இயல்பான பிடிஎஃப்லாடெக்கில் தமிழ் வராது.

தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், பந்தலூர் பக்கம் மின்சாரமும் சிக்னலும் போவது புதிதல்ல. இணையத்தில் மட்டும் இருக்கும் கையேடு அன்றைக்கு உதவாது. எச்டிஎம்எல் கோப்புகளைப் பென்டிரைவில் கொடுத்துவிடலாம், ஆனால் கொடுக்கும் முன் வைஃபையை அணைத்துத் திறந்து பாருங்கள். ஸ்பிங்ஸ் போன்ற இன்னொரு கருவியான எம்கேடாக்ஸில் உருவாக்கிய தளத்தை இப்படி நேரடியாகத் திறந்தால் இயல்பான அமைப்பில் தேடல் வேலை செய்யாது, சில இணைப்புகள் பக்கத்துக்குப் பதில் கோப்புறையைத் திறக்கும். இணையத்திலிருந்து வரும் எழுத்துருவும் காணாமல் போகும். ஸ்பிங்ஸில் தேடல் அட்டவணை கூடவே வருவதால் இந்தத் தேடல் பிரச்சினை இல்லை.

தினசரிப் பதிவுக்கான வழிமுறையை ஒரே ஏ4 தாளில் அடக்கி அச்சிட்டு, தராசுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடலாம். தாளின் அடியில் மென்பொருளின் பதிப்பு எண்ணும் தேதியும் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் புதிய பதிப்பு வந்த பிறகும் பழைய தாளைப் பார்த்தே பதிந்துகொண்டிருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோத்தகிரி.